வாயில் விரல் வைத்த வெண்கலக் குழந்தை

பெரிய அருங்காட்சியகம் எதிலும் எகிப்து அறைக்குள் நுழைகிறவர்கள் நேராக மம்மியை நோக்கித்தான் நடப்பார்கள். வழியில் ஒரு கண்ணாடிப் பேழையில் விரலளவு, கையளவு வெண்கலத் தெய்வங்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஆடையில்லாத ஒரு சிறுவன் இருப்பான். மொட்டைத் தலையின் வலப்பக்கம் மட்டும் ஒரு குடுமி தொங்கும், நெற்றியில் நாகம் இருக்கும், வலது கையின் சுட்டுவிரல் வாயருகே இருக்கும். பக்கத்துப் பேழையில் அமர்ந்திருக்கும் பாஸ்டெட் என்ற பூனைத் தெய்வத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இவனுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஊர் சுற்றியதில் பூனையை இவன் எப்போதோ மிஞ்சிவிட்டான். நைல் கழிமுகத்து நாணல் காட்டில் பிறந்தவன் தட்சசீலத்திலும் தேம்ஸ் நதியின் சேற்றிலும் பிரெஞ்சு அரசனின் காதலி வீட்டிலும் தங்கியிருக்கிறான். போன இடமெல்லாம் அந்த ஒரு விரல் அவனுக்கு வழி திறந்தது. அதன் பொருளைப் பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம்.

எகிப்தியர் அவனை 'குழந்தை ஹோரஸ்' என்ற பொருளில் ஹர்-ப-கெரெத் என்றார்கள். கிரேக்க நாக்கில் அது ஹார்ப்போகிராட்டிஸ் ஆனது. தந்தை ஒசைரிஸை அவருடைய தம்பி சேத் கொன்றுவிட, மனைவி ஐசிஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கழிமுகத்துச் சதுப்பில், கெம்மிஸ் என்ற இடத்தில் ஒளிந்து வளர்க்கிறாள். பிள்ளையைத் தேள் கொட்டுகிறது. அவள் போட்ட கூக்குரலில் சூரியனின் ஓடமே வானத்தில் நின்றுவிட, தோத் தெய்வம் இறங்கி வந்து மந்திரம் சொல்லி விஷத்தை இறக்குகிறார். பாம்பும் தேளும் வீட்டுக்குள் சாதாரணமாக நடமாடிய நாட்டில் இது புராணமாக மட்டும் நிற்கவில்லை, வைத்தியமாகவும் இருந்தது. விஷத்தில் பிழைத்த பிள்ளை மற்றப் பிள்ளைகளையும் பிழைக்க வைப்பான் என்று நம்பினார்கள். முதலைகளின் மேல் நின்று இரு கைகளிலும் பாம்பையும் தேளையும் பிடித்திருக்கும் அவனைக் கல்லில் செதுக்கினார்கள். தலைக்கு மேலே பெஸ் என்ற குள்ளக் காவல் தெய்வத்தின் கோர முகம் விழித்துப் பார்க்கும். அந்தக் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி, மந்திர எழுத்துகளைக் கழுவிக்கொண்டு வழியும் நீரை நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

வாயில் விரல் எதற்கு என்ற கேள்விக்கு எகிப்திய எழுத்திலேயே விடை இருக்கிறது. அவர்களுடைய சித்திர எழுத்தில் குழந்தையைக் குறிக்கும் வடிவம், கையை வாயில் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன உருவம். ஓவியன் பல உருவங்கள் நிற்கும் சுவரில் 'இது பிள்ளை' என்று காட்ட நினைத்தால் உடுப்பை எடுத்துவிடுவான், குடுமி போடுவான், விரலை வாயில் வைப்பான். குழந்தை விரல் சூப்பும் என்பதற்கு மேல் அந்த விரலில் வேறு எந்த ரகசியமும் இல்லை.

கல்லில் இருந்தவன் வெண்கலத்துக்கு வந்து பெருகியது கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில்தான். அதற்கு முன்பும் உலோகத் தெய்வங்கள் இருந்தன, ஆனால் எண்ணிக்கை குறைவு. எகிப்தின் 'பிற்காலம்' என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் கி.மு. 664 முதல் 332 வரையிலான காலத்தில் இது பெருந்தொழிலாகிவிட்டது. தேன்மெழுகில் உருவத்தைப் பிடித்து, களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய பள்ளத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பது வழக்கம். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் செய்கிற அதே மெழுகு வார்ப்புதான். சின்ன உருவம் என்றால் கெட்டியாக வார்ப்பார்கள். பெரிதானால் உள்ளே மண் கரு வைத்து உலோகத்தை மிச்சப்படுத்துவார்கள். செம்போடும் வெள்ளீயத்தோடும் காரீயத்தையும் தாராளமாகச் சேர்த்தார்கள். காரீயம் விலை மலிவு, உருக்குவது எளிது, விரல் நுனி வரைக்கும் தடையில்லாமல் ஓடும். பட்டறைக்காரன் கணக்கு எந்தக் காலத்திலும் பட்டறைக்காரன் கணக்குத்தான்.

இந்தச் சிலைகளில் பெரும்பாலானவை வீட்டில் வைத்துக் கும்பிட வாங்கப்பட்டவை அல்ல. அவை நேர்த்திக்கடன்கள். யாத்திரை வந்தவர் வாங்கி, பீடத்தில் பெயரையும் தாய் தந்தை பெயரையும் பொறித்து, இன்னாருக்கு உயிர் தா என்று வேண்டிக் கோயிலில் விட்டுப்போவார். பாதத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முளை பீடத்தில் செருகுவதற்கு. முதுகில் சின்ன வளையம் இருந்தால் அது தொங்கவிடுவதற்கு. உட்கார்ந்த நிலையில் வார்த்த பல பிள்ளைகள் இன்றைக்கு அந்தரத்தில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறார்கள். இருக்கை தனியாகச் செய்யப்பட்டது. மரமாக இருந்தால் அது எப்போதோ மக்கிப்போயிருக்கும்.

காணிக்கை வந்துகொண்டே இருந்தால் கோயில் என்ன செய்யும்? இடம் போதாது. தெய்வத்துக்குக் கொடுத்ததை உருக்கவும் கூடாது, தெருவில் எறியவும் கூடாது. குழி தோண்டிக் கோயில் வளாகத்துக்குள்ளேயே புதைத்தார்கள். இன்றைக்கு உலக அருங்காட்சியகங்களில் இவ்வளவு சிலைகள் நிரம்பியிருப்பதற்கு இந்தச் சங்கடமே பெரிய காரணம். 1903-இல் கர்நாக் கோயில் முற்றத்தில் பிரெஞ்சு அகழ்வாளர் ஜார்ஜ் லெக்ரேன் அப்படியொரு குழியைக் கண்டார். நிலத்தடி நீர் ஊறிய சேற்றுக்குள்ளிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட கற்சிலைகளும் சுமார் 17,000 வெண்கலப் பொருட்களும் சில ஆண்டுகளில் வெளியே வந்தன. பெரும்பாலும் ஒசைரிஸ் உருவங்கள்.

எல்லாச் சிலையும் குழிக்குப் போகவில்லை, சில கப்பல் ஏறின. கிரேக்கத் தீவான சாமோஸில் ஹேரா தேவியின் கோயிலைத் தோண்டியபோது கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டு மண்ணில் எகிப்திய வெண்கலங்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஹேரா திருமணத்தையும் பெண்களையும் காக்கிறவள். எகிப்துக்குப் போய்வந்த கிரேக்க வணிகரும் கூலிப்படையினரும் அங்கே வாங்கிய தெய்வத்தை இங்கே காணிக்கை போட்டார்கள். அந்நியத் தெய்வம் என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு கழிமுகத்திலேயே நௌக்ராடிஸ் என்ற கிரேக்க வணிக நகரம் எழுந்தது. பீனீசியர்கள் இன்னும் நேரடியானவர்கள். மாட்ரிட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு குழந்தை ஹோரஸின் பீடத்தில் எகிப்திய எழுத்து இல்லை, பீனீசிய எழுத்து இருக்கிறது. உயிர் தா என்ற வேண்டுதல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன ஹெரடோட்டஸ் பிள்ளை ஒளிந்திருந்த கெம்மிஸையும் பார்க்கப் போனார். அது ஏரியில் மிதக்கும் தீவு என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். மிதக்கவோ நகரவோ தான் பார்க்கவில்லை என்று அவர் எழுதி வைத்தார். ஆனால் ஹோரஸ்தான் அப்பல்லோ என்று அவர் போட்ட சமன்பாட்டில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அலெக்சாந்தர் வந்துபோன பிறகு எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் கிரேக்கரும் எகிப்தியரும் சேர்ந்து கும்பிட ஒரு குடும்பத்தை அமைத்தார்கள். அப்பாவாகத் தாடி வைத்த செராபிஸ், அம்மாவாக ஐசிஸ், பிள்ளையாக நம்முடைய ஹார்ப்போகிராட்டிஸ். அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயில் வளாகத்தில் நான்காம் தாலமி பிள்ளைக்கென்றே தனிச் சன்னதி கட்டினார். அதன் அஸ்திவாரத்தில் பதித்த தகடுகளை 1940-களில் கண்டெடுத்தார்கள். கிரேக்கச் சிற்பிகள் கைபட்டதும் பிள்ளையின் தோற்றமே மாறியது. விறைப்பாக நின்றவன் இடுப்பை ஒசித்து நின்றான். கன்னம் உப்பியது, தலைமுடி சுருண்டது, எகிப்தின் இரட்டை மகுடம் நெற்றிக்கு மேல் ஒரு மொட்டளவுக்குச் சுருங்கியது. காதல் தெய்வமான ஈராஸிடமிருந்து சிறகைக் கடன் வாங்கி முதுகில் ஒட்டினார்கள், கையில் பழங்கள் நிரம்பிய கொம்பைக் கொடுத்தார்கள். சுடுமண் பொம்மைக்காரர்கள் அவனை வாத்தின் மேலும் குதிரையின் மேலும் ஏற்றினார்கள். இவ்வளவு மாற்றத்திலும் யாரும் கைவைக்காத ஒன்று உண்டென்றால் அது அந்த விரல்தான்.

இந்தக் குடும்பம் வணிகரோடும் மாலுமிகளோடும் அடிமைகளோடும் டெலோஸ் தீவு வழியாக இத்தாலிக்குள் நுழைந்தது. ரோமாபுரியின் ஆட்சி மன்றத்துக்கு இது பிடிக்கவில்லை. கி.மு. 50-களில் ஐசிஸின் பீடங்களை இடிக்கத் திரும்பத் திரும்ப ஆணை பிறந்தது. திரும்பத் திரும்ப என்பதிலேயே யார் ஜெயித்தார்கள் என்பது தெரிகிறது. இடிக்க எந்த வேலையாளும் துணியாததால் கான்சுல் என்ற உயர் பதவியில் இருந்த ஒருவர் தாமே கோடரி எடுத்துக் கதவைப் பிளந்ததாக வலேரியஸ் மாக்சிமஸ் எழுதுகிறார். நூறு ஆண்டுகளில் நிலைமை தலைகீழ். கி.பி. 62-இல் பூகம்பத்தில் விழுந்த பொம்பெயி ஐசிஸ் கோயிலைத் திரும்பக் கட்டிக்கொடுத்தவர் நுமேரியஸ் பொப்பிடியஸ் செல்சினஸ் என்று வாசல் கல்வெட்டு சொல்கிறது. அவருக்கு வயது ஆறு! அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், சட்டப்படி நகரசபையில் உட்கார முடியாது. பணத்தைப் பிள்ளை பெயரில் செலவழித்தார். நன்றிக்கடனாகச் சபை அந்த ஆறு வயதுக்காரனை உறுப்பினராக்கியது. குழந்தைத் தெய்வத்தின் குடும்பக் கோயிலுக்குப் பொருத்தமான கொடையாளி.

விரலின் பொருள் திரிந்ததும் இத்தாலியில்தான் நமக்கு எழுத்தில் தெரியவருகிறது. கவிஞர் கட்டுள்ளஸ் ஒருவனை வாயடைக்க வைத்ததைச் சொல்ல, அவனை ஹார்ப்போகிராட்டிஸ் ஆக்கிவிட்டான் என்கிறார். விளக்கம் சொல்லாமலே அவருடைய வாசகர்களுக்குப் புரிந்திருக்கிறது. கொஞ்ச காலம் கழித்து வர்ரோ என்ற பெரும் பண்டிதர் எகிப்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதும்போது, இந்தப் பிள்ளை விரலைக் காட்டி என்னைப் பேசாதே என்கிறான் என்று ஒரு குறும்புக் குறிப்புப் போட்டார். கவிஞர் ஓவிட் அதையே அழகாக்கினார். ஐசிஸ் வழிபாட்டில் தீட்சை பெற்றவர்கள் வெளியே சொல்லக் கூடாத சடங்குகள் இருந்ததால், வாசலில் நிற்கும் பிள்ளையின் விரல் எல்லோருக்கும் எச்சரிக்கையாகவே தெரிந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் வர்ரோவை வைத்தே எகிப்தியத் தெய்வங்களை மடக்கினார். இவர்கள் ஒரு காலத்தில் வெறும் மனிதர்களாக இருந்தார்கள் என்பதை வெளியே சொல்லாதே என்பதற்குத்தான் அந்த விரல் என்ற விளக்கத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். குழந்தை விரல் சூப்புகிறது என்று ஒரு எகிப்தியக் கிழவி சொல்லியிருந்தால் இவ்வளவு பேருடைய புலமையும் வீணாகப் போயிருக்கும்.

ரோமானியர் காலத்திலேயே பிள்ளை கிழக்கேயும் புறப்பட்டிருந்தான். செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் பருவக்காற்றுக்குக் காத்திருக்கும் கப்பல்கள் முசிறிக்கும் சிந்து முகத்துவாரத்து பார்பரிக்கத்துக்கும் போய்வந்தன. பெரனிகேயின் செராபிஸ் கோயில் முற்றத்தில் அகழ்வாளர்கள் இந்தியாவில் செய்த ஒரு பெரிய சாடியைக் கண்டார்கள். உள்ளே ஏழரைக் கிலோ மிளகு. அந்த ஊர் மண்ணில் 'கொற்பூமான்' என்ற பெயர் தமிழ்ப் பிராமியில் கீறிய ஓடும் கிடைத்திருக்கிறது. இந்திய மேற்குக் கரையின் மிளகு அப்பா செராபிஸின் கோயிலில் குவிந்துகிடக்க, பிள்ளை எதிர்த்திசையில் பயணம் போயிருக்கிறான். 1913 முதல் 1934 வரை தட்சசீலத்தைத் தோண்டிய ஜான் மார்ஷல், அங்கே சிர்கப் என்ற நகர்ப்பகுதியில் வாயில் விரல் வைத்த வெண்கல ஹார்ப்போகிராட்டிஸ் ஒன்றைக் கண்டெடுத்தார். கி.பி. முதல் நூற்றாண்டுக் காலத்தது. சிந்து வழியே மேலேறி வந்திருக்கலாம். தூபிகளும் விகாரங்களும் சூழ்ந்த நகரத்தில் அவன் தனியாகவும் இல்லை. காபூலுக்கு வடக்கே பெக்ராமில் ஜோசப் ஹாக்கினும் ரியா ஹாக்கினும் 1937, 1939 ஆண்டுகளில் அடைத்து மூடிய இரண்டு அறைகளைத் திறந்தபோது, சீன அரக்குப் பாத்திரம், இந்திய யானைத்தந்தம், ரோமானியக் கண்ணாடி ஆகியவற்றுக்கு நடுவே இன்னொரு ஹார்ப்போகிராட்டிஸ் நின்றான். மேற்கே இதே பிள்ளை பிரித்தானியா வரைக்கும் போனான். 1825-இல் லண்டன் பாலத்தருகே தேம்ஸ் நதியிலிருந்து எடுத்த வெள்ளி உருவம் விரல் நீளம்தான், மெல்லிய பொற்சங்கிலியோடு இருந்தது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயிலைக் கிறித்தவக் கூட்டம் இடித்தது. தெற்கே ஃபிலே தீவில் ஐசிஸ் கோயில் மட்டும் ஆறாம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது, ஜஸ்டினியன் அதையும் மூடினார். சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதற்கு முன்பே மறைந்துபோனார்கள். இனி விரலைத் திருத்திச் சொல்ல ஆளில்லை.

ஆனால் லத்தீன் நூல்கள் மடங்களில் பிழைத்திருந்தன. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் ஓவிடையும் வர்ரோவையும் படித்துத்தான் எகிப்தைக் கற்பனை செய்தார்கள். 1531-இல் அல்சியாட்டோ வெளியிட்ட, படமும் பாட்டும் கலந்த அறிவுரை நூலில் மௌனத்துக்கு உதாரணமாக எகிப்தின் ஹார்ப்போகிராட்டிஸ் வருகிறான். அந்த நூலைப் பார்த்து எழுதியவர்கள், அவர்களைப் பார்த்து எழுதியவர்கள் என்று ஐரோப்பா முழுக்க நகல் பெருகியது. வீனஸின் கள்ளக்காதலை வெளியே சொல்லாமலிருக்கக் கியூபிட் (ஈராஸின் ரோமானியப் பெயர்) இவனுக்கு ஒரு ரோஜாவை லஞ்சமாகக் கொடுத்தான் என்ற கதையும் 16-ஆம் நூற்றாண்டில் உலவியது. விருந்து மேசைக்கு மேலே கூரையில் ரோஜா வரைந்தால் அங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்ற வழக்கத்துக்கு அதைக் காரணமாகக் காட்டினார்கள். எகிப்தில் இந்தக் கதைக்கு ஒரு சாட்சியும் கிடையாது.

என் மனதுக்குப் பிடித்தவர் கிஸ்பெர்ட் கூப்பர். நெதர்லாந்தின் தேவென்டர் ஊரில் பேராசிரியராகவும் பிறகு மேயராகவும் இருந்தவர். ஒரு சின்ன வெள்ளி ஹார்ப்போகிராட்டிஸ் உருவத்தை விளக்குவதற்கென்றே 1676-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதி வெளியிட்டார். சிறகு ஏன், கொம்பு ஏன் என்று ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் இவன் சூரியனே என்று முடித்தார். அலெக்சாந்திரியாவின் பட்டறைக்காரன் விற்பனைக்காக ஒட்டிய சாமான்களுக்கு ஒரு தத்துவமே கிடைத்துவிட்டது.

அடுத்த நகல்காரர் பெரிய கலைஞர். பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் தெ பொம்பதூருக்காக 1757-இல் சிற்பி ஃபால்கொனே ஒரு கியூபிட்டைச் செய்தார். சிறகு முளைத்த கொழுகொழுப் பையன் ஒரு கையால் அம்பை எடுத்துக்கொண்டே மறுகை விரலை உதட்டில் வைத்து விஷமமாகப் பார்க்கிறான். பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. செவ்ர் பீங்கான் ஆலை அதைச் சின்ன உருவாக்கி விற்க, மேசை அலங்காரமாகப் பணக்கார வீடுகளுக்குள் புகுந்தது. அலெக்சாந்திரியாவில் ஈராஸின் சிறகை ஹோரஸ் கடன் வாங்கினான் அல்லவா? இங்கே ஹோரஸின் விரலை ஈராஸ் கடன் வாங்கிக்கொண்டான், கணக்குத் தீர்ந்தது. பத்தாண்டு கழித்து ஃபிரகொனார் வரைந்த 'ஊஞ்சல்' ஓவியத்தைப் பலர் கண்டிருப்பார்கள். இளஞ்சிவப்பு உடுப்புக்காரி ஊஞ்சலில் எழும்பிச் செருப்பை உதறுகிறாள், புதரில் காதலன் மல்லாந்து கிடக்கிறான். இடப்பக்கம் மரத்தடியில் பீடத்தின் மேல் ஒரு சிலை விரலை உதட்டில் வைத்து நிற்கிறதே, அது ஃபால்கொனேயின் கியூபிட்தான். கழிமுகத்து நாணலில் தேள்கடிக்குத் தப்பிய பிள்ளை பாரிஸ் சரசத்துக்குக் காவல் நிற்கிறான்.

1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் சித்திர எழுத்தைப் படித்துக்காட்டிய பிறகு, கையை வாயில் வைத்த உருவம் குழந்தை என்ற எழுத்து என்பது தெரிந்துபோனது. பழைய வைத்தியக் கற்களும் வாசிக்கக் கிடைத்தன. அவற்றில் பெரியது, இரண்டாம் நெக்தனேபோ காலத்தது, 1828-இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா ஆஸ்திரிய அரசியல் தலைவர் மெட்டர்னிக்குக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. தேள் கொட்டிய கதை அதில் நீளமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1950-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதை வாங்கியது. சித்திர எழுத்தின் பொருள் தெரிந்த பிறகும் 1888-இல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' என்ற மாந்திரீகச் சங்கம், உதட்டில் விரல் வைப்பதை ஹார்ப்போகிராட்டிஸின் மௌன முத்திரை என்று உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அறிஞர்கள் திருத்தினால் திருந்துவதற்கு இது அச்சுப் பிழை இல்லையே.

வெண்கலப் பிள்ளையின் வியாபாரமோ எழுத்தை யார் படித்தாலும் படிக்காவிட்டாலும் நடந்துகொண்டுதான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகளுக்கு அவன் சட்டைப் பைக்குள் அடங்கும் எகிப்து. லக்சோரில் வாங்கலாம், கெய்ரோவில் வாங்கலாம், அசலும் போலியும் கலந்தே கிடைக்கும். கெய்ரோ அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு விற்பனை அறை இருந்தது. ஒரே மாதிரி நிறைய இருக்கும் பொருட்களை அங்கே முறைப்படி விற்று ரசீதும் கொடுத்தார்கள். நேர்த்திக்கடன் சிலைகளில் ஒரே மாதிரிக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. அந்த அறை 1979-இல் மூடப்பட்டது, 1983-இல் வந்த சட்டம் தொல்பொருள் வியாபாரத்தையே தடைசெய்தது. இன்று ஐரோப்பிய ஏலக்கடையில் இப்படி ஒரு பிள்ளை மேசைக்கு வந்தால், கையில் எடுத்துப் பார்க்கிறவர் முதலில் கேட்பது அந்தப் பழைய ரசீதைத்தான்.